பொன்னோலை இருக்கும் நகரம்

திருவண்ணாமலையில் டேனிஷ் மிஷன் பள்ளியைத் தெரியாதவர் யாரும் இல்லை. அங்கே படித்தவர்கள் பக்கத்தில் இருக்கும் எங்கள் வேங்கிக்காலிலேயே தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். கடல் கடந்து வந்து நம்மூரில் பள்ளிக்கூடம் வைத்தவர்கள் எந்த ஊரில் கப்பல் ஏறியிருப்பார்கள், அந்த ஊர் எப்படி இருக்கும் என்று பார்க்கும் ஆசை எனக்கு வெகுநாளாக உண்டு. மகனுக்கு ஸ்வீடனில் மால்மோ நகரத்தில் வேலை கிடைத்தபோது நான் முதலில் விரித்துப் பார்த்தது அந்தப் பக்கத்து வரைபடத்தைத்தான். மால்மோவுக்கு நேர் எதிரே, ஒரு நீரிணையைத் தாண்டினால் டென்மார்க்கின் தலைநகரம் கோபன்ஹேகன்.

ஜூன் 23ஆம் தேதி காலை டிபன் சாப்பிட்ட கையோடு ரயில் ஏறினோம். அந்தத் தேதியை மகன்தான் முடிவு செய்தான். ஏன் என்று கேட்டதற்கு, “சாயங்காலம் தெரியும்ப்பா” என்று சொல்லிவிட்டான்.

நீரிணையின் பெயர் ஓரெசுண்ட். அதன் மேல் 2000ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி திறக்கப்பட்ட பாலம் போகிறது. மேல் தளத்தில் கார்கள், கீழ்த் தளத்தில் ரயில். ஜன்னலின் இரு பக்கமும் கடல். ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர் இப்படிப் போன பிறகு, கடல் நடுவே மண் கொட்டி உண்டாக்கிய ஒரு தீவில் ரயில் இறங்குகிறது. பிறகு கடலுக்கு அடியில் புகுந்துவிடுகிறது! நான்கு கிலோமீட்டர் சுரங்கம். பாலத்தையே மறுகரை வரை நீட்டினால் அங்கே இருக்கும் விமான நிலையத்துக்கு இடைஞ்சல், பெரிய கப்பல்களுக்கும் வழி வேண்டும், அதனால் மிச்ச தூரத்தைக் கடலடியில் கொண்டுபோயிருக்கிறார்கள். வெளிச்சம் திரும்பியபோது நாங்கள் வேறொரு நாட்டில் இருந்தோம்.

தமிழ்நாட்டுக் கரையைத் தேடி டென்மார்க்கிலிருந்து முதலில் புறப்பட்ட கப்பலுக்கும் ஓரெசுண்ட் என்றுதான் பெயர். 1618இல் கிளம்பிய அந்தக் கப்பலைக் காரைக்கால் அருகே போர்ச்சுக்கீசியர்கள் தாக்கி அழித்தார்கள். அதிலிருந்த ரோலண்ட் கிராப்பே என்ற வணிகர் சில மாலுமிகளோடு உயிர் தப்பிக் கரையேறித் தஞ்சை நாயக்கர் அரசவைக்குப் போய்ச் சேர்ந்தார். அந்த மனிதர் கரையேறியிருக்காவிட்டால், டென்மார்க்காரர்கள் வந்து தங்கிய தரங்கம்பாடியின் கதையே வேறாகப் போயிருக்கும். இதையெல்லாம் படித்துவிட்டு அந்த நீரைக் கடக்கும்போது ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்ப முடியவில்லை.

நோரபோர்ட் என்ற நிலையத்தில் இறங்கி மேலே வந்ததும் எனக்குத் திக்குத் தெரியவில்லை. வேங்கிக்காலில் எந்தச் சந்தில் நின்றாலும் தலையைத் திருப்பி மலை எங்கே என்று பார்த்தால் போதும், திசை தெரிந்துவிடும். இங்கே மலையே கிடையாது. நாட்டிலேயே உயரமான இடம் கடல் மட்டத்திலிருந்து 171 மீட்டர்தான். அதாவது ஏறத்தாழ 560 அடி. நம் அண்ணாமலை 2,668 அடி. மண் முழுவதும் உள்ளங்கை மாதிரி தட்டையாகக் கிடக்கிறது. ஆனால் கொஞ்ச நேரத்தில் ஒன்று புரிந்தது: இந்த ஊர்க்காரர்களுக்குத் திசை காட்டுபவை கோபுரங்கள். ஒவ்வொரு கோபுரமும் ஒவ்வொரு வடிவம். ஒன்றைச் சுற்றி வெளிப்புறமாகவே தங்கப் பிடியோடு படிக்கட்டு ஏறுகிறது. ஒன்றன் உச்சியில் மூன்று கிரீடங்கள். அவற்றை மறைக்கும்படி நகரத்தின் நடுவில் உயரமான கட்டடங்கள் எழாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அந்தக் கவனம் எனக்குப் பெரிதாகப் பட்டது. எங்கள் ஊரில் மாட வீதிகளிலிருந்தே கோபுரத்தை மறைக்கும் கட்டடங்கள் எத்தனை!

முதலில் போனது வட்டக் கோபுரத்துக்கு. 1642இல் கட்டி முடித்தது. உயரம் 35 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. உள்ளே படிகளே கிடையாது, உச்சியில் மிகக் கொஞ்சம் தவிர. செங்கல் பாவிய சாய்தளம் ஒன்று, நடுத்தூணை ஏழரைச் சுற்றுச் சுற்றி மேலே போகிறது. சுவர்கள் சுண்ணாம்பு வெள்ளை. ஜன்னல் குழிகளில் வெயில் விழுந்து தரைச் செங்கலெல்லாம் செம்மஞ்சளாக இருந்தது. செங்கல்லைக் குனிந்து தொட்டுப் பார்த்தேன். ஓரங்கள் மழுங்கி, நடுவில் தேய்ந்து, நூற்றாண்டுகளாகக் கால் பட்டது கைக்குத் தெரிந்தது. மேலே வான் ஆராய்ச்சிக் கூடமும் பல்கலைக்கழக நூலகமும் இருந்ததால், கனமான கருவிகளையும் புத்தகங்களையும் ஏற்றிக் கொண்டுபோக இப்படிச் சாய்தளம். 1716இல் ரஷ்ய மன்னர் பீட்டர் இதில் குதிரையிலேயே உச்சி வரை ஏறினாராம். ஒளிக்கும் வேகம் உண்டு என்று 1676இல் எடுத்துக்காட்டிய ஓலே ரோமர் பிற்காலத்தில் இந்த ஆராய்ச்சிக் கூடத்தின் தலைவராக இருந்தவர்.

இதைக் கட்டியவர் நான்காம் கிறிஸ்டியன். 1588 முதல் 1648 வரை அறுபது வருஷம் அரசராக இருந்தவர். கோபன்ஹேகனில் கண்ணுக்கு அழகாக எதைப் பார்த்து “யார் கட்டியது?” என்று கேட்டாலும் பாதி நேரம் இவர் பெயர்தான் வருகிறது. ரோசன்போர்க் அரண்மனை இவருடையது. கால்வாய்கள் ஓடும் கிறிஸ்டியன்ஸ்ஹாவன் பகுதி இவர் உண்டாக்கியது. நான்கு டிராகன்கள் வால்களை முறுக்கிக்கொண்டு கூம்பாக எழும் பழைய பங்குச் சந்தைக் கட்டடமும் இவருடையது. அந்தக் கூம்பு 2024 ஏப்ரல் 16ஆம் தேதி நெருப்பில் எரிந்து தெருவில் சாய்ந்தது. அன்றைக்கு வழியே போனவர்கள்கூட உள்ளேயிருந்த பழைய ஓவியங்களைக் கையில் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். நான் பார்த்தபோது கட்டடத்தைச் சுற்றிச் சாரம் கட்டி வேலை நடந்துகொண்டிருந்தது. பழைய முறையிலேயே, பழைய தோற்றத்திலேயே திரும்ப எழுப்புவது என்பது அவர்கள் முடிவு. சாரத்துக்கு வெளியே நின்று பார்த்தவர்கள் முகத்தில், வீட்டுப் பெரியவரை ஆஸ்பத்திரியில் விட்டிருப்பவர்களின் கவலை தெரிந்தது.

இந்த அரசர்தான் ஓவே கெட்டே என்ற இளைஞரின் தலைமையில் கப்பல்களைக் கிழக்கே அனுப்பினார். கண்டி மன்னருக்கு உதவுவதாகப் போன அந்தப் படைக்கு இலங்கையில் காரியம் கைகூடவில்லை. வழியிலேயே ஏராளமானவர்கள் செத்துப்போயிருந்தார்கள். அங்கிருந்து சோழமண்டலக் கரைக்கு வந்து, 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்து தரங்கம்பாடியைப் பெற்றார்கள். அங்கே எழுந்த டான்ஸ்போர்க் கோட்டை இன்றும் கடலைப் பார்த்து நிற்கிறது. இரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசருக்கு ஒரு கடிதம் அனுப்பினார். தங்கத் தகட்டில், ஓலை வடிவத்தில், தமிழில் பொறித்த கடிதம். அது கோபன்ஹேகனில், டென்மார்க் தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது.

என் நெஞ்சைப் பிடித்து நிறுத்தியது இதற்கு அடுத்த கண்ணி. எங்கள் அண்ணாமலையார் கோயிலின் ராஜகோபுரத்தைத் தொடங்கியவர் கிருஷ்ணதேவராயர். பதினொரு நிலைகளோடு 217 அடிக்கு முடித்துவைத்தவர் தஞ்சையின் முதல் நாயக்க மன்னர் சேவப்ப நாயக்கர். சேவப்பரின் மகன் அச்சுதப்பர். அச்சுதப்பரின் மகன்தான் இந்த இரகுநாதர். தாத்தா முடித்த கோபுரத்தின் கீழே நான் செருப்பைக் கழற்றிப் போட்டுக்கொண்டு வளர்ந்திருக்கிறேன். பேரன் எழுதிய பொன்னோலை இருக்கும் ஊரில் அன்றைக்கு நிற்கிறேன். ஆவணக் காப்பகத்துப் பொருளைச் சுற்றுலா வந்தவர் கேட்ட மாத்திரத்தில் எடுத்துக் காட்ட மாட்டார்கள், காட்டவும் கூடாது. ஆனாலும் நானூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு தமிழ்க் கடிதம் பனிக்கடல் ஓரத்து அரண்மனைக்கு வந்து சேர்ந்தது, அதை இவர்கள் உருக்கிக் காசாக்கிவிடாமல் வைத்திருக்கிறார்கள் என்பதே பெரிய விஷயம். நம் ஊர்ப் பள்ளிப் பாடத்தில் இந்தப் பொன்னோலைக்கு ஒரு முழுப் பக்கம் கொடுக்க வேண்டும்.

பங்குச் சந்தைக்குப் பக்கத்திலேயே கிறிஸ்டியன்ஸ்போர்க் மாளிகை. நாடாளுமன்றம், பிரதமர் அலுவலகம், உச்ச நீதிமன்றம் மூன்றும் ஒரே வளாகத்தில். இதன் கோபுரம் 106 மீட்டர். மேலே போகக் கட்டணம் இல்லை. பையைச் சோதித்துவிட்டு லிப்டில் ஏற்றி அனுப்புகிறார்கள். நாடாளுமன்றத்தின் தலைமேல் ஏறி நின்று ஊரைப் பார்க்க யாரை வேண்டுமானாலும் விடுகிறார்கள் என்பது எனக்கு நம்பவே முடியாததாக இருந்தது.

மதியத்துக்கு ஸ்மோர்பிரோ. கம்பு நிறத்தில் கனமான ரை ரொட்டித் துண்டு ஒன்று, அதன்மேல் என்ன வேண்டுமோ அது. மீனும் மாமிசமும்தான் அதிகம். எனக்கு வந்தது வேகவைத்த உருளைக்கிழங்கு வில்லைகளை அடுக்கி, மயோனைஸ் வைத்து, மேலே மொறுமொறு வெங்காயம் தூவியது. நன்றாகத்தான் இருந்தது, கத்தி முள்கரண்டியால் சாப்பிட வேண்டும் என்பதுதான் பாடு. காபி ஒன்று நாற்பது குரோனருக்கு மேல். நம்ம காசில் கணக்குப் போட வேண்டாம் என்று மகன் தடுத்துவிட்டான். குடிதண்ணீர் குழாயிலேயே பிடித்துக் குடிக்கலாம்.

சைக்கிள்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் கோபன்ஹேகனைப் பற்றிச் சொன்னதாகாது. கோட்டு சூட்டுப் போட்டவர், கர்ப்பிணி, எழுபது வயதுப் பாட்டி, முன்பக்கம் மரப்பெட்டி பொருத்தி அதில் இரண்டு குழந்தைகளை உட்காரவைத்து மிதிக்கும் அப்பா என்று எல்லோரும் சைக்கிளில்தான் போகிறார்கள். அவர்களுக்கு நடைபாதையும் இல்லாமல் சாலையும் இல்லாமல், இடையில் ஒரு படி உயரத்தில் தனிப்பாதை. நான் தெரியாத்தனமாக அதில் கால் வைக்கப் போக, மகன் சட்டையைப் பிடித்து இழுத்தான். “அப்பா, கையைத் தூக்கினாங்கன்னா நிக்கப் போறாங்கன்னு அர்த்தம், பக்கத்துல நீட்டினாங்கன்னா திரும்பப் போறாங்க.” ஓரிடத்தில் குப்பைத்தொட்டியைச் சைக்கிள் வரும் திசையை நோக்கிச் சாய்த்து வைத்திருந்தார்கள், வண்டியை நிறுத்தாமலே காகிதத்தை வீசிவிட்டுப் போகலாம். சைக்கிளில் போகிறவருக்காக இவ்வளவு யோசித்த ஒரு நகராட்சியை நான் பார்த்ததில்லை.

நைஹாவன் கால்வாய்க்கரையின் வண்ண வீடுகள் நாட்காட்டியில் இருப்பது போலவே இருந்தன, கூட்டமும் அதற்கேற்ப. 1913இல் வைத்த கடற்கன்னிச் சிலை ஒன்றேகால் மீட்டர்தான். போட்டோ எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டோம். அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது கிறிஸ்டியன்ஸ்ஹாவனின் ஸ்ட்ராண்ட்கேட தெருவில் இருக்கும் ஆசியக் கம்பெனியின் பழைய தலைமையகம். 1738இல் கட்டியது. பக்கத்தில் தண்ணீரை ஒட்டிப் பெரிய பண்டகசாலை. சீனத்துத் தேயிலையோடு நம் சோழமண்டலக் கரைத் துணிகளும் இந்தக் கம்பெனியின் கப்பல்களில்தான் வந்தன. இன்று அந்தப் பகுதி டென்மார்க் வெளியுறவு அமைச்சகத்தின் இடம். தறியில் உட்கார்ந்து அந்தத் துணியை நெய்தவர்கள் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை, தேடிப் பார்த்தேன். 1845இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து ஆங்கிலேயருக்குப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு விற்றார்கள். அங்கே வாழ்ந்தவர்களை ஒரு வார்த்தை கேட்டிருப்பார்களா?

ஆனால் டென்மார்க்கிலிருந்து வந்தது வியாபாரம் மட்டுமில்லை. இந்த நகரத்து அரசர் நான்காம் பிரடெரிக் அனுப்பித்தான் சீகன்பால்கு என்ற ஜெர்மானியர் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார். தமிழ் கற்று, அச்சுக்கூடம் வைத்து, 1714–15இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். பிற்காலத்தில் டேனிஷ் மிஷன் நம் தென்னாற்காடு, வடாற்காடு ஊர்களுக்கு வந்தபோது அவர்களுக்கு முன்னால் ஏற்கனவே ஒரு தடம் இருந்தது.

நாலு மணிக்குத் துறைமுகக் கால்வாய் ஓரம் வந்தால், நகரத்தின் நட்டநடுவில் பிள்ளைகள் தண்ணீரில் குதித்துக்கொண்டிருக்கிறார்கள்! ஒருகாலத்தில் மழை பெய்தால் சாக்கடை பொங்கி இந்தத் தண்ணீரில்தான் கலக்குமாம். மழைநீரைத் தேக்கி வைக்க நிலத்தடித் தொட்டிகள் கட்டி, கழிவுநீர்க் குழாய்களைச் சீர்செய்து, 2002இல் துறைமுகத்திலேயே குளிக்கும் இடத்தைத் திறந்தார்கள். தண்ணீர் கெட்டிருக்கும் நாளில் கொடி ஏற்றி எச்சரிக்கிறார்கள். அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். எங்கள் வேங்கிக்கால் ஏரியில் பிள்ளைகள் இப்படிக் குதிக்கும் நாளைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. இவர்கள் செய்தது மந்திரமில்லை. குழாயும் தொட்டியும் விடாப்பிடியும்தான்.

சாயங்காலம் ஓட்டுநர் இல்லாத மெட்ரோவில் அமாகர் கடற்கரைக்குப் போனோம். சாயங்காலம் என்று சொல்கிறேனே தவிர, எட்டு மணிக்கு வெயில் நம்மூர் நாலரை மணி வெயில் மாதிரி அடித்தது. கடலில் காற்றாலைகள் வரிசையாகச் சுற்றின. காலையில் வந்த பாலம் தெற்கே தெரிந்தது. மணல்மேல் ஒரு பெரிய விறகுக் குவியல், அதன் உச்சியில் வைக்கோலும் பழந்துணியும் கொண்டு செய்த ஒரு பெண் உருவம். “இதுக்குத்தான்ப்பா” என்றான் மகன். சங்க்ட் ஹான்ஸ் இரவு. கோடையின் நீண்ட பகலுக்கு நெருப்பு மூட்டிக் கொண்டாடும் திருநாள்.

கார்த்திகைக்குச் சொக்கப்பனை கொளுத்திப் பழகிய ஊர்க்காரனுக்கு உடல் சிலிர்க்காமல் இருக்குமா? ஆனால் அந்த வைக்கோல் பெண் மனதை உறுத்தினாள். அது சூனியக்காரியாம். நெருப்பு மூட்டும் வழக்கம் மிகப் பழையது. பொம்மையை எரிப்பது மிகப் பிற்காலத்தில்தான் சேர்ந்துகொண்டது. சூனியக்காரிகள் என்று பெண்களை உயிரோடு கொளுத்திய காலம் டென்மார்க்கில் உண்டு. அதற்கான கடுமையான ஆணையை 1617இல் போட்டவரும் நம் நான்காம் கிறிஸ்டியன்தான். இப்போது பொம்மை வேண்டாம் என்று சொல்லும் டேனிஷ்காரர்களும் இருக்கிறார்கள். நானும் அவர்கள் பக்கம்.

நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு ஒரு பெரியவர் திரும்பினார். கூடப் பன்னிரண்டு வயதுப் பேத்தி.

“நீங்கள் இந்தியாவோ? எவடம்?”

“திருவண்ணாமலைங்க. பக்கத்துல வேங்கிக்கால்.”

“அண்ணாமலையார்ர ஊரோ! வாங்கோ, இதிலை இருங்கோ.”

யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரர். எண்பதுகளின் நடுவில் வந்தவர். யூட்லாந்துப் பக்கம் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது மகள் வீட்டில். காலையில் எங்கெல்லாம் போனோம் என்று விசாரித்தவர், கிறிஸ்டியன்ஸ்போர்க் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அந்த பில்டிங்குக்குள்ளதான் தம்பி எங்கட கதை நடந்தது. எங்களாலை ஒரு அரசாங்கமே போனது, தெரியுமோ?”

1987இல் நீதித்துறை அமைச்சராக இருந்த எரிக் நின்-ஹான்சன், ஈழத்திலிருந்து வந்த தமிழ் அகதிகள் தங்கள் மனைவி மக்களை அழைத்துக்கொள்ளக் கொடுத்த விண்ணப்பங்களைக் கிடப்பில் போடச் சொன்னார். அழைத்துக்கொள்ளும் உரிமை அந்த நாட்டுச் சட்டத்திலேயே இருந்தது. விஷயம் வெளியே வந்து, விசாரணை நடந்து, 1993 ஜனவரியில் அறிக்கை வெளியானதும், பத்து வருஷத்துக்கு மேல் பிரதமராக இருந்த பவுல் ஷ்லூட்டர் பதவி விலகினார். அமைச்சர்களை விசாரிப்பதற்கென்றே உள்ள தனி நீதிமன்றம், 1910க்குப் பிறகு முதன்முறையாக, இந்த வழக்குக்காகக் கூடியது. 1995இல் நின்-ஹான்சனைக் குற்றவாளி என்று சொல்லி, நிறுத்திவைக்கப்பட்ட நான்கு மாதச் சிறைத்தண்டனை விதித்தது. டென்மார்க் அரசியல் வரலாற்றில் அதற்குத் ‘தமிழர் வழக்கு’ என்றே பெயர்.

“என்ர மனுசியும் அந்த நேரம் ஊரிலை காத்திருந்தவதான். குண்டு விழுற காலம். பிறகு வந்து சேர்ந்தா. நாங்கள் கொஞ்சப் பேர், பாஷையும் தெரியாது. ஆனா சட்டம் சட்டம்தான் எண்டு இவங்கள் நிண்டவங்கள் பாருங்கோ, அதுக்காக நான் இந்த நாட்டை விட மாட்டன்.”

அமைச்சர் செய்ததையும் மறக்கவில்லை, நாடு திருத்திக்கொண்டதையும் மறக்கவில்லை அவர். நாட்டுப்பற்று என்றால் இதுதான் என்று எனக்குத் தோன்றியது.

பத்து மணிக்குச் சூரியன் இறங்கும் சமயம் நெருப்பு வைத்தார்கள். கூட்டம் முழுவதும் டேனிஷ் மொழியில் நடுக்கோடைப் பாட்டைப் பாடியது. பெரியவர் எல்லா வரியும் தெரிந்து பாடினார். பேத்தி என் பக்கம் திரும்பி, அவள் வகுப்பில் தரங்கம்பாடி பற்றி வரலாற்றுப் பாடத்தில் வந்ததாகவும், கோட்டைப் படம் பார்த்ததாகவும் மழலைத் தமிழில் சொன்னாள். பொன்னோலையைப் பற்றிப் பாடத்தில் இருந்ததா என்று கேட்டேன். இல்லையாம். இரகுநாத நாயக்கர், அவர் தாத்தா, எங்கள் கோபுரம் எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னேன். தங்கத்தில் தமிழா என்று இரண்டு தடவை கேட்டாள். அது எங்கே இருக்கிறது என்று கேட்டுப் போனில் குறித்துக்கொண்டாள்.

“நாங்க கிளாஸோட போய்ப் பாக்கலாமா?”

“உங்க டீச்சர் எழுதிக் கேட்டா வழி சொல்லுவாங்கம்மா.”

அந்த வாரக் கடைசியோடு பள்ளிக்குக் கோடை விடுமுறை. ஆகஸ்டில் திறந்ததும் முதல் வேலையாகக் கேட்பதாகச் சொன்னாள்.